நாற்பது ராத்திரியும் ஒரு பென்சில் குறிப்பும்

அந்தப் பென்சில்காரர் யார் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரீட்சைக் கைடுகளுக்கும் பழைய ரீடர்ஸ் டைஜஸ்ட்டுகளுக்கும் நடுவில் கிடந்த தடிப்புத்தகம் அது. வில்கி காலின்ஸ் எழுதிய 'தி உமன் இன் ஒயிட்'. நூறு ரூபாய் என்றவர் 80க்குக் கொடுத்தார். பக்கங்கள் ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று மட்டும் புரட்டிப் பார்த்தேன். ஓரங்களில் அங்கங்கே பென்சில் எழுத்து. முத்து முத்தான தமிழ்க் கையெழுத்து. கடினமான ஆங்கிலச் சொற்களுக்கு அர்த்தம் எழுதி வைத்திருக்கிறார், நமக்கும் உதவும் என்று நினைத்துக்கொண்டேன்.

அர்த்தம்தான் எழுதியிருந்தார். ஆனால் மூன்று இடத்தில் வேறு வேலையும் செய்திருந்தார். சர் பெர்சிவல் கிளைட் என்ற கனவான் கதைக்குள் வரும் பக்கத்தில், 'இவன் சர் இல்லை.' ஃபாஸ்கோ பிரபு அறிமுகமாகும் பக்கத்தில், 'எல்லாம் இவன் வேலை.' மூன்றாவதுதான் மகாபாதகம். கதாநாயகி லாராவின் பெயர் பொறித்த கல்லறைக் காட்சிக்கு வெகு முன்பாகவே, 'செத்தது இவள் இல்லை.'

முடிந்தது. மத்திய அமெரிக்காவிலிருந்து திரும்பி வரும் வால்டர் ஹார்ட்ரைட், காதலி இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு அவள் கல்லறைக்குப் போய் மண்டியிடுகிறான். முக்காடிட்ட இரண்டு பெண்கள் நெருங்கி வருகிறார்கள். ஒருத்தி முக்காட்டை விலக்குகிறாள். கல்லில் யார் பெயர் வெட்டியிருக்கிறதோ அவளே அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று அவனைப் பார்க்கிறாள். இங்கிலாந்தில் 1860ல் இந்த இடத்தைப் படித்தவர்களுக்குக் குலை நடுங்கியிருக்கும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. 'ஆமாம், தெரியுமே' என்று பக்கத்தைத் திருப்பினேன்.

(இந்த நாவலை இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே நானும் அதே பாவத்தைத்தான் செய்யப் போகிறேன்.)

காலின்ஸ் இதை முன்கூட்டியே பயந்தார் என்பதுதான் வேடிக்கை. சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் 1859 நவம்பர் 26 அன்று தொடங்கி 1860 ஆகஸ்டு 25 வரை 40 வாரம் ஓடிய தொடர்கதை இது. டிக்கன்ஸின் 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்' முடிந்த அதே இதழில் இது ஆரம்பம். அந்த ஆகஸ்டிலேயே 3 தொகுதிகளாகப் புத்தகம் வந்தபோது, முன்னுரையில் விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். கதையைச் சொல்லாமல் பாராட்டவோ திட்டவோ முடியாதா ஐயா என்று. இன்றைக்குப் படத்தின் முதல் காட்சி முடிந்ததும் இயக்குநர்கள் 'ட்விஸ்டை வெளியே சொல்லாதீங்க' என்று கும்பிடுகிறார்களே, அதே கும்பிடு.

என் பென்சில்காரர் அந்த முன்னுரையையும் படித்திருக்கிறார். அதில் இரண்டு சொற்களுக்கு அர்த்தம் எழுதியிருக்கிறார்.

போன வருஷம் சித்திக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது. புதுக் கண்ணாடி போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். பேப்பரை முதல் வரியிலிருந்து டெண்டர் விளம்பரம் வரை படிக்கிற மனுஷி. 'சும்மா உக்காந்திருக்கறதுக்கு எனக்குத் தெரியாதுடி, ஏதாவது படிச்சுக் காட்டு' என்றார். அப்போதுதான் தோன்றியது. எனக்குக் கிடைக்காத அதிர்ச்சி இன்னொருவருக்குக் கிடைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் என்ன?

எந்தெந்த வாரத்தில் கதை எங்கே நின்றது என்று தேடியெடுத்துப் புத்தகத்தில் கோடு போட்டுக்கொண்டேன். ஒரு ராத்திரிக்கு ஒரு பகுதி. ஆங்கிலத்தில் ஒரு பத்தி பார்த்துவிட்டுத் தமிழில் சொல்வேன், நல்ல வசனம் என்றால் இங்கிலீஷிலேயே ஒரு தடவை. சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். கோடு வந்தால் புத்தகத்தை மூடிவிடுவேன், கெஞ்சினாலும் கிடையாது. வாரப் பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்டு பண்ணி வைத்திருந்த தலைமுறை அல்லவா, 'தொடரும்' என்றால் சித்தி மரியாதையாக எழுந்து மருந்து போட்டுக்கொள்ளப் போய்விடுவார். சித்தி பையன், சட்டம் படிக்கிறவன், ஓரமாகப் போனை நோண்டிக்கொண்டு கேட்காத மாதிரி கேட்பான்.

இந்த மூன்று பேர்தான் எங்கள் வாசகர் வட்டம்.

முதல் ராத்திரி. ஓவிய ஆசிரியன் வால்டர், நள்ளிரவு தாண்டி, நிலா வெளிச்சத்தில் லண்டனை நோக்கி நடந்து வருகிறான். நாலு சாலை சந்திக்கும் இடம். ஈ காக்கை இல்லை. பின்னாலிருந்து ஒரு கை மெல்ல அவன் தோளைத் தொடுகிறது. திரும்பினால் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்திய ஒரு பெண். பேய் இல்லை, கொலை இல்லை, ரத்தம் இல்லை. ஒரு தொடுதல், அவ்வளவுதான். 1862ல் 'பிளாக்வுட்ஸ்' இதழில் மார்கரெட் ஆலிஃபன்ட் இதைத்தான் சிலாகித்தார், இவ்வளவு எளிய பொருளை வைத்துக்கொண்டு இப்படி உலுக்கிவிட்டாரே என்று. சித்தி உலுக்கப்படவில்லை. 'அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா?' என்றார். நடுராத்திரி தனியாக வருகிறவள் எங்கிருந்தோ தப்பி வருகிறாள், தப்பி வருகிறவள் பசியோடு இருப்பாள் என்பது அவர் கணக்கு. அவள் மனநல விடுதியிலிருந்து தப்பியவள் என்பது அடுத்த சில பக்கத்தில் வந்தது. சித்தி தலையை மட்டும் ஆட்டினார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சித்தி 31 வருஷம் டெல்டா பக்கம் சார்பதிவாளர் அலுவலகங்களில் வேலை பார்த்தவர். பத்திரம், நகல், வில்லங்கச் சான்று, கைநாட்டு, கல்யாணப் பதிவு. நான் இந்த நாவலைப் பேய்க்கதையின் தங்கை என்று நினைத்து எடுத்து வந்தேன். அவரோ ஒரு வாரத்துக்குள் இதை வேறு ஒன்றாக மாற்றிவிட்டார். 'இது ஆவணக் கதைடி.'

சொன்னது சரிதான். நாவல் முழுக்கக் காகிதங்கள்தான் ஆட்களை நகர்த்துகின்றன. லாராவுக்கு வரும் சொத்து 20,000 பவுண்டு. அவள் பிள்ளையில்லாமல் இறந்தால் அது கணவனுக்கே போகும்படி கல்யாண ஒப்பந்தம் எழுதச் சொல்கிறான் பெர்சிவல். குடும்ப வக்கீல் கில்மோர் முட்டி மோதுகிறார். பெண்ணின் சித்தப்பா ஃபேர்லி, நரம்புத் தளர்ச்சி என்று சோபாவைவிட்டு எழாத பேர்வழி, தொல்லை விட்டால் போதும் என்று ஒப்புக்கொள்கிறார். 'மாப்பிள்ளைக்கு வில்லங்கம் போட்டுப் பாக்கலையா அந்த வக்கீல்?' என்று சித்தி கத்தினார். பார்த்திருந்தால் கதையே இல்லை.

இதைவிட அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது கையெழுத்துக் காட்சி. கல்யாணம் ஆகி, பிளாக்வாட்டர் பார்க் என்ற இருட்டு மாளிகையில் குடித்தனம். ஒருநாள் பெர்சிவல் ஒரு பத்திரத்தைக் கொண்டுவருகிறான். மேலே எழுதியிருப்பது எதுவும் தெரியாமல் மடித்து மடித்து, கடைசி மடிப்பை மட்டும் வெளியே விட்டு, 'இங்கே போடு' என்கிறான். என்ன என்று லாரா கேட்கிறாள். பெண்களுக்குப் புரியாது, நேரமில்லை, போடு என்கிறான். படிக்காமல் போட மாட்டேன் என்கிறாள் அந்தப் பூஞ்சைப் பெண். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பெர்சிவலின் சிநேகிதன் ஃபாஸ்கோவோ, நானும் என் மனைவியும் இரண்டு பேருமாகச் சாட்சி போடக் கூடாது, அவளுக்கு என் அபிப்பிராயத்தைத் தவிர வேறு அபிப்பிராயம் கிடையாது என்கிறான்.

சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே, 'மடிச்சுத்தான் நீட்டுவானுங்க' என்றார். 'அண்ணன் தம்பிங்க கூட்டிட்டு வருவாங்க. சொத்துல தன் பங்கை விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரம்னு அந்தப் பொண்ணுக்கே தெரியாது. எங்க சார் படிச்சுக் காட்டணும்னு சொன்னா, எல்லாம் வீட்டுலயே படிச்சாச்சு சார்ம்பான். அது எங்களைப் பாக்கும். நான் எத்தனையோ தடவை வாயைத் திறக்கலாம்னு பாத்திருக்கேன்.' திறந்தாரா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு இன்னும் பத்துப் பக்கம் பாக்கி இருந்தது. கோட்டுக்கு முன்பே நிறுத்திய ஒரே ராத்திரி அதுதான்.

சட்டக் கல்லூரிக்காரனுக்கு உறுத்தியது வேறு. லாராவையும், அவளைப் போலவே முகச்சாயல் கொண்ட அந்த வெள்ளுடைப் பெண் ஆன் கேதரிக்கையும் ஆள் மாற்றிவிடுகிறார்கள். இதய நோயில் இறக்கும் ஆன், லாராவாகப் புதைக்கப்படுகிறாள். உயிரோடு இருக்கும் லாரா, ஆன் என்ற பெயரில் மனநல விடுதியில் அடைக்கப்படுகிறாள். 'நான் லாரா' என்று அவள் எவ்வளவுக்கெவ்வளவு கத்துகிறாளோ அவ்வளவுக்கவ்வளவு பைத்தியம் என்று உறுதியாகிறது. 'ரெண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டா ஆளைத் தூக்கி உள்ள போட்டுடலாமா? ரொம்ப சினிமாத்தனமா இல்ல?' என்றான் அவன். இல்லை. நாவல் தொடங்குவதற்கு ஒன்றரை வருஷம் முன், 1858 ஜூனில், நாவலாசிரியரும் அமைச்சருமான எட்வர்ட் புல்வர் லிட்டன், தன்னை விட்டுப் பிரிந்து வாழ்ந்த மனைவி ரோசினாவை அப்படித்தான் அடைத்தார். அவர் தேர்தல் கூட்டத்துக்கே போய்க் கணவரைப் பகிரங்கமாகத் தாக்கிப் பேசியிருந்தார். பத்திரிகைகளில் எதிர்ப்பு எழுந்தது, சுமார் மூன்று வாரத்தில் வெளியே விட்டார்கள். அன்றைய வாசகர்கள் லாராவின் கதையைச் சினிமாவாகப் படிக்கவில்லை, போன வருஷத்துச் செய்தியாகப் படித்தார்கள். காலின்ஸ் இந்தப் புத்தகத்தைச் சமர்ப்பணம் செய்திருப்பது பிரையன் புராக்டர் என்ற கவிஞருக்கு. அவர் தொழில் முறையில் மனநல விடுதிகளைக் கண்காணிக்கும் அரசு ஆணையர்.

பதிவேட்டுக்கு வருகிறேன். சித்தியின் மகுடம் அது.

பெர்சிவலுக்கு ஒரு ரகசியம் இருக்கிறது என்று தெரிந்து, வால்டர் ஒரு பாழடைந்த ஊரின் தேவாலயத்துக்குப் போகிறான். ஈரம் கோத்த அறை, மக்கிய அலமாரி, கல்யாணப் பதிவேடு. காவல் காக்கும் கிழவர் வளவளவென்று பேசுகிறார். அந்தக் காலத்தில் நோல்ஸ்பரியில் வான்ஸ்பரோ என்று ஒரு வக்கீல் இருந்தார், பதிவேட்டுக்கு ஒரு நகல் எழுதித் தன் ஆபீஸ் பெட்டகத்தில் வைத்துக்கொள்வார், அவ்வளவு கறார் என்று போகிற போக்கில் சொல்கிறார். நான் வேகமாகத் தாண்டினேன். முதல் வாசிப்பில் எனக்கு இந்தக் கிழவர் அறுவையாகத்தான் பட்டார்.

'நில்லு. நகல்னா சொன்னே?'

'ஆமா சித்தி, சும்மா பேச்சுவாக்குல...'

'நகல் பேச்சுவாக்குல வராது. படி.'

அடுத்த பக்கத்தில் 1803 செப்டம்பரில் பெர்சிவலின் அப்பா அம்மா கல்யாணப் பதிவு இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது. ஒன்றே ஒன்று, பக்கத்தின் அடியில் குறுகலான இடத்தில் நெருக்கி எழுதியிருக்கிறது. வால்டர் அதைப் பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்தி எழுந்தே நின்றுவிட்டார்.

'அடப்பாவி. அது பின்னால சொருகினது. ஒரு வரி இடம் காலியா விட்டுருக்கான் எவனோ. நாங்க இடமே விட மாட்டோம், விட்டா கோடு இழுத்துக் கையெழுத்துப் போடணும், இதுக்காகத்தான். அந்த வக்கீல் நகல்ல அந்தக் கல்யாணம் இருக்காது, பாரு.'

இரண்டு ராத்திரி கழித்துத்தான் வால்டர் நோல்ஸ்பரிக்குப் போய் நகலைப் புரட்டினான். அந்த இடம் வெறும் வெள்ளை. அப்பா அம்மாவுக்குக் கல்யாணமே நடக்கவில்லை, ஆகவே பட்டமும் இல்லை, எஸ்டேட்டும் இல்லை. பென்சில்காரர் சொன்ன 'இவன் சர் இல்லை' இதுதான். துப்பறிவாளர்களுக்கே உரிய அந்த அலட்டல் ஒரு துளியும் இல்லாமல், 'போய் மாத்திரை எடுத்துட்டு வா' என்றார் சித்தி. வால்டருக்கு முன்னால் சித்தி கண்டுபிடித்தார், அதுவும் கறுப்புக் கண்ணாடியோடு.

தேதிகளையும் அவர் விடவில்லை. தினசரி காலண்டர் தாளின் முதுகில் என்னை எழுத வைத்தார். காரணம் உண்டு. மொத்தச் சதியும் ஒரு நாள் வித்தியாசத்தில் தொங்குகிறது. 'லாரா' இறந்ததாகச் சான்றிதழில் இருப்பது ஜூலை 25. உண்மையான லாரா லண்டனுக்கு ரயில் ஏறியது 26. செத்த மறுநாள் எவளும் பயணம் போக மாட்டாள் அல்லவா? அந்த ஒரு நாளை நிரூபித்தால் அவள் பெயர் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். நாவலின் கடைசி மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு நாளைத் துரத்துவதுதான். அது இழுக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் சொல்வேன், குறிப்பாக ஃபாஸ்கோவை மடக்க இத்தாலிய ரகசியச் சங்கம் வந்து சேரும் இடத்தில். சித்திக்கு இழுக்கவில்லை.

அப்போதுதான் அவருக்கு 'தி டைம்ஸ்' கதையைச் சொன்னேன். 1860 அக்டோபர் 30 அன்று அந்தப் பத்திரிகையில் பெயர் போடாத ஒரு விமர்சனம் வந்தது. விமர்சகர் உட்கார்ந்து சம்பவங்களையும் நாட்களையும் கூட்டிப் பார்த்திருக்கிறார். கதையில் வரும் மற்ற தேதிகளை வைத்துப் பார்த்தால் லாரா ஆகஸ்டு 9 அல்லது 10க்கு முன்னால் பிளாக்வாட்டர் பார்க்கை விட்டுக் கிளம்பியிருக்கவே முடியாது, ஆசிரியர் முழுசாக இரண்டு வாரம் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று உடைத்துவிட்டார். எந்தத் தேதியின் மேல் நாவல் நிற்கிறதோ அந்தத் தேதியே தப்பு. 40 வாரம் நாடே படித்தது, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. டிக்கன்ஸ் உட்பட. காலின்ஸ் மறுநாளே பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், நமக்குள் இருக்கட்டும், அவர் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷப் பதிப்பில் தேதிகளை நகர்த்தினார். நாம் இன்று படிப்பது அந்த விமர்சகர் திருத்திய புத்தகம்.

'அந்த ஆளு ரிஜிஸ்தர் ஆபீஸ்ல இருந்திருப்பான்' என்றார் சித்தி. அதற்குமேல் என்ன பாராட்டு வேண்டும்.

லண்டனில் இந்தத் தொடர் கிளப்பிய பித்து கொஞ்சநஞ்சமல்ல. வெல்லிங்டன் தெருவில் பத்திரிகை ஆபீஸ் வாசலில் கூட்டம் காத்துக் கிடக்குமாம். நாவலின் பெயரில் மேலங்கி, தொப்பி, வாசனைத் திரவியம், நடன இசை எல்லாம் விற்றிருக்கிறார்கள். கிளாட்ஸ்டன் அப்போது நிதியமைச்சர், நாடகம் பார்க்கப் போகாமல் உட்கார்ந்து இதைப் படித்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் எனக்குப் பிடித்த வாசகர்கள் மேரியனைப் பெண் கேட்டுக் காலின்ஸுக்குக் கடிதம் எழுதியவர்கள்தான்.

மேரியன் ஹால்கம், லாராவின் அக்கா. அம்மா ஒருத்தி, அப்பா வேறு. வால்டர் அவளை முதலில் பார்க்கும் இடம் பிரசித்தம். ஜன்னலோரம் முதுகு காட்டி நிற்கிறாள், என்ன உருவம், என்ன நிற்கும் அழகு என்று மனசுக்குள் உருகுகிறான். அவள் திரும்பி நடந்து வருகிறாள். கறுப்பு, மேலுதட்டில் மீசை போல மயிர். அழகில்லை என்று நெஞ்சு விட்டுப்போகிறது அவனுக்கு. 'இவன் மூஞ்சியை இவன் கண்ணாடில பாத்திருக்கானா?' என்று சித்தி கேட்டார். அதற்கப்புறம் 500 பக்கத்துக்கு வீட்டில் மூளை உள்ள ஒரே ஆள் அவள்தான். அவன் கட்டிக்கொள்வது லாராவை. இவள் அவர்கள் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தில் நிற்கிறாள். இங்கிலாந்தின் பிரம்மச்சாரிகள் நிஜ மேரியன் எங்கே இருக்கிறாள் என்று விசாரித்தது நியாயம்தான். வால்டரைவிட அவர்களுக்குக் கண் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சட்டக் கல்லூரிக்காரன் 30ஆவது ராத்திரி வாக்கில் போனைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டான். காலின்ஸ் வக்கீலுக்குப் படித்தவர், நீதிமன்றத்தில் சாட்சிகள் வரிசையாக வந்து தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வது போல இந்தக் கதையை அமைத்தார். வால்டர், கில்மோர், மேரியன், ஃபேர்லி, வீட்டு மேற்பார்வைக்காரி, எழுதத் தெரியாத சமையல்காரி, டாக்டர், பிணத்தைக் குளிப்பாட்டியவள். கல்லறைக் கல்வெட்டுகூடத் தனிச் சாட்சி. 'எல்லாரும் கூண்டுல ஏறியாச்சு. பாதிக்கப்பட்டவங்களை மட்டும் ஏன் கூப்பிடலை?' லாரா ஒரு பக்கம்கூடச் சொல்வதில்லை. இரண்டு தடவை படித்தவள் நான், கவனித்ததே இல்லை.

அவன் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன் வரவேண்டிய அவசியம் இருக்கவில்லை, கல்லறைக் காட்சிக்கு முந்தின நாளே போனில் கதைச் சுருக்கம் பார்த்துவிட்ட திருட்டுப்பயல். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் வாயைத் திறக்கவில்லை. அந்த வரியைப் படித்தேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். கல்லறைக்கு அந்தப் பக்கம் நின்று லாரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மின்விசிறிச் சத்தம் மட்டும். சித்தியின் கை நாற்காலிப் பிடியில் இறுகிக் கிடந்தது.

'அப்ப உள்ள யாருடி?' என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பென்சில்காரர் பிடுங்கிக்கொண்டதை ஒருவழியாகத் திரும்ப வாங்கிவிட்டேன். மேலே ஒன்றும் கிடைத்தது. நானும் எத்தனையோ விமர்சகர்களும் நிற்கிற பெண்ணைப் பார்த்தோம், சித்தி மண்ணுக்குள் இருப்பவளைக் கேட்டார். யாரும் கேட்காத ஆன்.

இந்த நாவலில் என்னை உண்மையிலேயே கலங்க வைக்கிற பக்கம் எது என்று இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். வெள்ளைப் புடவைக்காரியும் இல்லை, கல்லறையும் இல்லை.

நாவலின் நடுப்பகுதி மேரியனின் நாட்குறிப்பு. நூறு நூறு பக்கமாக அவள் மனசைப் படித்துக்கொண்டு வருகிறோம். ஒரு ராத்திரி, பெர்சிவலும் ஃபாஸ்கோவும் நூலக அறையில் சதி பேசுகிறார்கள் என்று தெரிந்து, சலசலக்கும் பட்டுடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கறுப்பு மேலங்கியோடு தாழ்வாரக் கூரையில் ஏறி, பூந்தொட்டிகளுக்கு நடுவில் குந்தி ஒட்டுக்கேட்கிறாள். மழை பிடித்துக்கொள்கிறது. நனைந்து ஊறித் திரும்பி வந்து, கேட்டதை எல்லாம் எழுதுகிறாள். ஜுரம் ஏறுகிறது. வாக்கியங்கள் உடைகின்றன. எழுத்து கோணுகிறது, மசி சிதறுகிறது, கடைசியில் லாராவின் பெயரில் முதல் இரண்டு எழுத்து மாதிரி ஏதோ.

அடுத்த பக்கத்தில் வேறு கையெழுத்து. பெரிய, உறுதியான, சீரான ஆண் கையெழுத்து. 'மெய்யான ஒரு நண்பரின் பின்குறிப்பு' என்று தலைப்பு. ஃபாஸ்கோ. அவள் படுக்கையில் நினைவில்லாமல் கிடக்க, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து படித்திருக்கிறான். திட்டவில்லை, மிரட்டவில்லை. பாராட்டுகிறான். என்ன நடை, என்ன ஞாபகசக்தி, என்னைப் பற்றி எழுதியிருப்பது எவ்வளவு உண்மை, இவ்வளவு அருமையான பெண் எனக்கு எதிரியாகிவிட்டாளே என்று வருந்துகிறான். அவள் திட்டம் அத்தனையும் இனி பலிக்காது என்றும் அதே மரியாதையோடு சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுகிறான்.

ஒரு வாசகர் கடிதம். அசல் வாசகர் கடிதம் மாதிரியே இருக்கிறது, அதுதான் குமட்டுகிறது. அடுத்தவள் டைரியைத் திறந்து ரசித்துப் படித்தவன் அவன் மட்டுமா? அவன் தோளுக்குப் பின்னாலிருந்து நாமும்தானே அத்தனை பக்கத்தையும் படித்தோம். அவன் சிலாகித்த வரிகளைத்தான் நானும் அடிக்கோடிட்டிருக்கிறேன்.

அன்றைக்குக் கோடு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் விழித்திருந்தேன். பென்சில்காரரை ஃபாஸ்கோ என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன் இத்தனை நாள், அடுத்தவர் புத்தகத்தில் வந்து எழுதிவிட்டுப் போனவன் என்று. ஆனால் எழுதியபோது புத்தகம் அவருடையது. தனக்காக எழுதிக்கொண்டார். இரண்டாம் முறை படித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு குறித்தவையாக இருக்கலாம். அவர் விற்றதோ, அவருக்குப் பின் வீட்டுக்காரர்கள் எடைக்குப் போட்டதோ. ஓரத்தில் கிறுக்கிய தனிப்பேச்சை 80 ரூபாய்க்கு வாங்கிப் படித்துவிட்டு, அதற்குக் கோபமும் பட்டவள் நான்.

நாற்பதாம் ராத்திரி முடிந்து ஒரு வாரத்தில் புதுக் கண்ணாடி வந்தது. சித்தி முதலில் கேட்டது அந்தப் புத்தகத்தைத்தான். ஆங்கிலம் மெதுவாக வரும் என்றாலும் தானே ஒருதரம் புரட்ட வேண்டும் என்றார். பெர்சிவல் வரும் பக்கத்தில் நின்றார்.

'இது யாரு எழுதினது?'

சொன்னேன். மற்ற இரண்டு இடத்தையும் காட்டினேன். தம்பியின் சிநேகிதி ஒருத்தி அடுத்துப் படிக்கக் கேட்டிருந்தாள், அவளுக்குக் கொடுக்கும் முன் ரப்பர் வைத்து அழித்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன்.

ரப்பர் என்றதும் சித்தி முகம் மாறியது. 'சுரண்டறது அழிக்கறது எல்லாம் கூடாது' என்றார். டிராயரிலிருந்து அடிஸ்கேலும் நீலப் பேனாவும் எடுத்தார். மூன்று குறிப்பின் மேலும் நிதானமாக ஒற்றைக் கோடு இழுத்தார், கீழே இருக்கும் எழுத்து பளிச்சென்று படிக்கத் தெரிகிற மாதிரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுருக்கொப்பம், தேதி. பிறகு கடைசிப் பக்கத்துக்குப் போய், மேரியன் குழந்தையோடு நிற்கும் வரிகளுக்குக் கீழே இருந்த வெள்ளையில், பத்திரத்தின் அடியில் எழுதுவது போல எழுதினார்:

'அடித்தல் 3. திருத்தல் இல்லை.'

மை காய ஊதிவிட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.